மண்ணைப் பார்த்துப் போடும் எஸ்டிமேட்

பில்லர் இறங்கிவிட்டது என்று கூப்பிட்டால், வந்து பார்க்கும் மேஸ்திரி பெரும்பாலும் ஒரு தொகையைத்தான் முதலில் சொல்கிறார். ஒரு பில்லருக்கு இவ்வளவு. வீட்டில் 12 பில்லர் இருந்தால் அதை 12-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்கிறார், அதிலேயே பேரம் பேசுகிறார், பேரம் படிந்ததும் கடப்பாரை விழுகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது, அந்தப் பேரம் தொடங்கும் இடமே தவறு என்பதுதான். பில்லரும் பீமுமாக நிற்கும் அஸ்திவாரத்தைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதை வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணும், அந்த மண்ணுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வழியுமே முடிவு செய்கின்றன. ஒரே அளவு வீடு, ஒரே அளவு விரிசல். ஒன்றுக்கு முப்பதாயிரத்தில் வேலை முடியும், இன்னொன்றுக்கு ஐந்து லட்சம் கொட்டினாலும் அடுத்த கார்த்திகையில் அதே விரிசல் திரும்ப வரும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வேறுபாட்டைக் காண மாவட்டம் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்து ஊருக்குப் போனாலே போதும்.

முதலில் எந்த வகை அஸ்திவாரத்தைப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா பக்கத்துப் பழைய மரவீடுகள் குட்டையான தூண்களின் மேல் மர உத்திரம் வைத்து, தரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை. அங்கே தூண் இறங்கினால் ஆள் உள்ளே புகுந்து ஜாக்கி வைத்து உத்திரத்தைத் தூக்கி, இரும்புத் தகட்டைச் சொருகி மட்டம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். அதனால் அங்கே தூணுக்கு இவ்வளவு என்று விலை சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகள் அப்படி இல்லை. பூட்டிங் போட்டு எழுப்பிய கான்கிரீட் பில்லர்களை பேஸ்மட்டத்தில் பீமால் கட்டி, அதன்மேல் செங்கல் சுவர் எழுப்புகிறோம். களிமண் நிலமாக இருந்து இன்ஜினியரும் கவனமானவராக இருந்தால் பூட்டிங்குக்குப் பதில் அடியில் குமிழ் விட்ட அண்டர்-ரீம்டு பைல் இறக்கி, மேலே கிரேடு பீம் ஓட்டுகிறார். இரண்டிலும் பில்லர், பீம், சுவர், தரை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகியிருக்கும். ஒரு பில்லரின் அடியைத் தொட வேண்டுமானால் தரையை உடைக்க வேண்டும், மேலே இருக்கும் சுமையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், வேலை முடிந்தபின் உடைத்ததை எல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு விலைப்பட்டியலை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதால் பயன் ஏதும் இல்லை.

இனி மண்ணுக்கு வருவோம். திருவக்கரை என்றதும் வக்ரகாளியம்மன் கோயிலுக்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-இல் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த அந்த இடத்தில் கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றில் கிளையும் இல்லை, வேரும் இல்லை. வேறெங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இங்கே மணலில் புதைத்தது என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அதுவே ஆதாரம். வீடு கட்டுகிறவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மரத்தைக் கொண்டுவந்த அதே வெள்ளம்தான் கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற அந்தப் படிவையும் விரித்தது. ஆற்று வெள்ளம் படியவைத்த நிலத்தில் மணல், கூழாங்கல், சரளை, களிமண் எல்லாம் ஒழுங்கான அடுக்காக இருப்பதில்லை, திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே மனையின் வடக்கு மூலையில் கடப்பாரை துள்ளும் சரளை, தெற்கு மூலையில் ஈரம் கண்டால் பிசுபிசுக்கும் களி என்பது இங்கே அதிசயம் இல்லை. மேற்கே கொஞ்சம் தள்ளினால் கதை மாறுகிறது. கல்குவாரிகளும் கிரஷர்களும் இயங்கும் கருங்கல் நிலம் அது. நாலு அடியில் பாறை தட்டும். கிழக்கே வானூர், ஒட்டை, துருவை பக்கம் போனால் கடலூர் மணற்கல்லைவிடப் பழைய, கடலடியில் படிந்த படிவுகள். ஒட்டையின் பெயராலேயே புவியியலாளர்கள் ஒரு களிப்பாறைப் படிவைக் குறிக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே சங்கராபரணி ஆற்றின் வண்டல், ஏரிகளின் உள்வாயில் படிந்த கருங்களி, பள்ளத்தை மேடாக்க லோடு லோடாக அடித்த கிராவல் என்று ஆறும் ஏரியும் மனிதரும் சேர்த்தவையும் உண்டு.

இவை ஒவ்வொன்றிலும் பில்லர் இறங்கும் காரணம் வேறு, செலவும் வேறு. பாறையிலும் கெட்டிச் சரளையிலும் நிற்கும் வீடு அநேகமாக இறங்காது. அங்கே விரிசல் கண்டால் பேஸ்மட்டத்துக்குள் அடித்த மண் சரியாகத் திமிசு போடப்படாமல் அமுங்கியிருக்கும்; பில்லர் நின்ற இடத்தில் நிற்க, தரை மட்டும் தாழ்ந்திருக்கும். அதற்கு அஸ்திவார வேலையே தேவையில்லை. தரையைப் பெயர்த்து, மண்ணை ஆறு அங்குல அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, மறுபடி தரை போட்டால் முடிந்தது. மேடாக்கிய மண்ணின் மேலேயே பூட்டிங் வைத்திருந்தால் பில்லர் உண்மையிலேயே இறங்கும். ஆனால் அந்த இறக்கத்தில் பெரும்பங்கு முதல் சில மழைக்காலங்களிலேயே முடிந்துவிடும். நின்றுபோன இறக்கத்துக்குச் செலவு செய்வது வீண். விரிசலை அடைத்துப் பூசினால் போதும். மணல் திட்டில் நிற்கும் பில்லர் இறங்கினால் பக்கத்தில் ஒரு கசிவைத் தேடுங்கள். செப்டிக் டேங்க், உடைந்த குழாய், மோட்டார் தொட்டி ஏதோ ஒன்று அடிமணலை அரித்துக்கொண்டிருக்கும். எஞ்சுவது களிமண். இந்த அத்தியாயத்தின் பாரம் அதன்மேல்தான் இருக்கிறது.

களிமண்ணின் குணம், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விழுப்புரம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது; பிறகு மாதக்கணக்கில் வெயில். இப்படி ஒரேயடியாக நனைவதும் ஒரேயடியாகக் காய்வதும்தான் உப்பும் மண்ணுக்கு மிக மோசமான பருவநிலை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண்ணை வெயிலும் மழையும் தொடுவதில்லை, வெளி மூலைகளின் மண் மட்டும் ஏறி இறங்குகிறது. அதனால்தான் மூலைப் பில்லர் முதலில் கெடுகிறது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது, கோடையில் அது வாய் திறந்து மழையில் மூடிக்கொள்கிறது. உங்கள் மண் இந்த ரகமா என்று அறிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதி ஓர் எளிய சோதனையைத் தருகிறது. காயவைத்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழல்களில் போட வேண்டும். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் இருக்கும் மண் உப்பாமல் அப்படியே இருக்கும், தண்ணீரில் இருக்கும் மண் தன் குணத்தைக் காட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி நிற்கும் மண் தண்ணீரில் 15-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 20-ஐத் தாண்டினால் அந்த மண்ணின் மேல் சாதாரணப் பூட்டிங் வைத்தது தவறு என்று பொருள். வீட்டில் செய்தால் ஓரளவு அடையாளம் தெரியும். கையெழுத்துப் போட்ட முடிவு வேண்டுமானால் மண் சோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன.

இத்தகைய மண்ணுக்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அண்டர்-ரீம்டு பைலை வளர்த்தெடுத்தது. பைலின் தண்டுக்குக் கீழே, தண்டின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு ஒரு குமிழ். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. மேலே ஓடும் கிரேடு பீம் தரையில் படக் கூடாது. உப்பும் மண்ணில் பீமின் அடிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 80 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதி. மூன்றே கால் அங்குலம்கூட வராத இந்தச் சந்துதான் பல வீடுகளில் காணாமல் போகிறது. பீமுக்கு அடியில் செங்கல் துண்டுகளை அடுக்கி அதையே சென்ட்ரிங்காக வைத்துக் கான்கிரீட் கொட்டிவிடுகிறார்கள். பேஸ்மட்டத்துக்கு மண் அடிக்கும்போது சந்தும் சேர்ந்து அடைபடுகிறது. மழையில் மண் உப்பும்போது அதற்குப் போக்கிடம் இல்லாமல் பீமை நேராக மேலே தள்ளுகிறது, பீமின் நடுவே சுவர் பிளக்கிறது. வீட்டுக்காரர் கண்ணுக்கு இரு முனையிலும் பில்லர் இறங்கியதுபோல் படுகிறது. உண்மையில் ஏறியது பீம். இதற்கு வைத்தியம் வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, பீமின் அடியில் அடைத்திருப்பதைச் சிறு கம்பியாலும் உளியாலும் சுரண்டி எடுத்து, மண் திரும்ப விழாதபடி வெளி முகத்தில் கடப்பா பலகையை நிறுத்துவதுதான். சிமென்ட் மூட்டையே வேண்டியதில்லை, கூலி மட்டும்தான். பைல் வீட்டில் யார் எவ்வளவு பெரிய எஸ்டிமேட் நீட்டினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பீமின் அடியைத் தோண்டி இந்தச் சந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். 30-க்கு 27 அடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 810 சதுர அடி, அதாவது 75 சதுர மீட்டர் மொட்டைமாடி, நான்குக்கு மூன்றாகப் பன்னிரண்டு பில்லர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது திருவக்கரைக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாள் கணக்கில் 50 செ.மீ. அளவுக்கு மழை பதிவானது. அந்த மழையை இந்த மாடியின் மேல் வைத்துப் பெருக்கினால் 37,000 லிட்டருக்கு மேல் வருகிறது. அது முழுவதும் மூன்று நான்கு குழாய்கள் வழியாக இறங்கி, குழாய் முடியும் இடத்தில், பெரும்பாலும் மூலைப் பில்லரின் காலடியில் விழுகிறது. புயல் வராத சாதாரணக் கார்த்திகையிலும் நடப்பது இதேதான், அளவு மட்டும் குறைவு. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சாய்வாக ஒரு கான்கிரீட் தளமும், குழாய் நீரை அதற்கும் அப்பால் கொண்டுபோய் விடும் வாய்க்காலும் இருந்தால் இந்தத் தண்ணீர் பில்லரை அண்டாது. நம் மாதிரி வீட்டுக்கு அந்தத் தளம் 378 சதுர அடி வரும். கிராவல் திமிசு, தடித்த பிளாஸ்டிக் தாள், மேலே மூன்று அங்குலக் கான்கிரீட் என்று சதுர அடிக்கு 90 ரூபாய் வைத்தால் மொத்தம் 34,000 ரூபாய். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் பாருங்கள்.

ஒரு பில்லரின் அடியை உண்மையிலேயே பலப்படுத்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை இப்படி நடக்கும்: பில்லரை ஒட்டிய பீம்களுக்கு முட்டுக் கொடுத்து, ஆறுக்கு ஆறு அடியில் ஏழடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கெட்டி மண்ணில் ஐந்துக்கு ஐந்து அடியில் ஒன்றேகால் அடி கனத்துக்குப் புதிய பூட்டிங் போட்டு, பழைய ஒன்பது அங்குலப் பில்லரைச் சுற்றி நான்கு நான்கு அங்குலம் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை ஏற்றுவது. இதற்கு அடிக் கான்கிரீட்டையும் சேர்த்துச் சேதாரத்தோடு 12 மூட்டை சிமென்ட், 50 கிலோ கம்பி, 21 கன அடி எம்-சாண்ட், 42 கன அடி ஜல்லி ஆகும். இந்த அளவுகள் நம் மாதிரிக் குழிக்கானவை. விலைகளும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட மாதிரி விலைகளே. நீங்கள் வேலை தொடங்கும் அன்றைய விலையை இதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். சிமென்ட் மூட்டை 350 என்றால் 4,200. கம்பி கிலோ 65 என்றால் 3,250. எம்-சாண்ட் 60 வீதம் 1,260. ஜல்லி 45 வீதம் 1,890. ஆக, சாமான் 10,600 ரூபாய். இனிக் கூலி. குழி எடுக்கவும் மண்ணை வாரி வெளியே கொட்டவும் 6,000, சவுக்குக் கட்டையும் ஜாக்கியும் வாடகையோடு முட்டுக்கு 5,000, கொத்தனார் நான்கு நாளுக்கு 4,800, சித்தாள் கூலி 4,800, கம்பி கட்டுபவருக்கு 1,200, சென்ட்ரிங்குக்கு 2,000, குழியை மூடி உடைத்த தரையைத் திரும்பப் போட 5,000. இது 28,800. இரண்டும் சேர்ந்து 39,400 ரூபாய்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. சாமான் செலவு மொத்தத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எந்தக் கம்பெனி சிமென்ட், எந்தக் கம்பெனி கம்பி என்று கடை கடையாக ஏறி இறங்கி மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் பெரிதாக உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு முழுவதும் உங்கள் கைக்கே வந்தாலும் ஒரு குழிக்கு மிச்சம் சுமார் 330 ரூபாய்தான். கல்குவாரி பக்கத்திலேயே இருப்பதால் ஜல்லிக்கு வண்டி வாடகை குறையும் என்பதும் அதே ரகம்: உண்மைதான், ஆனால் சிறு தொகை. இரண்டாவது முடிவு பெரியது. செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் குழிகளின் எண்ணிக்கை. பன்னிரண்டு குழி என்றால் 4,72,800. மூன்று குழி என்றால் 1,18,200. இடையில் இருக்கும் மூன்றரை லட்சம் எந்தப் பில்லர் கெட்டது என்று கண்டுபிடிக்கிறவருக்குக் கிடைக்கும் மிச்சம். வீட்டைச் சுற்றிப் போடும் தளமோ ஒரே ஒரு குழியின் செலவுக்கும் குறைவு, ஆனால் பன்னிரண்டு பில்லரையும் ஒருசேரக் காக்கிறது. அதனால்தான் தளம் முதலில், குழி கடைசியில் என்கிறேன்.

எந்தப் பில்லர் என்று கண்டுபிடிக்க வேண்டிய கருவி ஒவ்வொரு மேஸ்திரியிடமும் இருக்கிறது: தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல். கட்டும்போது லிண்டலின் அடிமட்டம் வீடு முழுவதும் டியூப் லெவல் பார்த்து வைக்கப்பட்டதுதான். ஆகவே இன்று ஒரு பில்லரில் கோடு போட்டு, அதே மட்டத்தைக் குழாயால் மற்றப் பில்லர்களுக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றிலும் கோட்டிலிருந்து லிண்டல் அடிவரை அளந்தால் எது இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். எவ்வளவு இறங்கினால் கவலைப்பட வேண்டும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பிரிட்டிஷ் பொறியாளர்கள் 98 கட்டடங்களை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அடுத்தடுத்த பில்லர்களின் இறக்க வேறுபாடு இடைத்தூரத்தில் 300-இல் ஒரு பங்கைத் தொட்டால் சுவரில் விரிசல் காணும். 150-இல் ஒரு பங்கைத் தொட்டால் பில்லர், பீமுக்கே சேதம் வரும். பத்தடி இடைத்தூரத்துக்கு அது 10 மில்லிமீட்டரும் 20 மில்லிமீட்டரும். உங்கள் அளவு 10-க்குள் இருந்தால் குழி தோண்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 20-ஐ நெருங்கினால் இன்ஜினியர் கட்டாயம் வர வேண்டும்.

ஒருமுறை அளந்தால் போதாது. இப்போது ஒருமுறை அளந்து, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை, அடுத்த சித்திரை வெயிலில் ஒருமுறை அளக்க வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்து காட்டும். இங்கே ஒரு மறுப்பு வரும்: அத்தனை மாதம் காத்திருந்தால் வீடு என்ன ஆவது? நியாயமான பயம்தான். அதற்கு எல்லையும் உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த தரப்படி 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் பெரும்பாலும் பார்வைக்குத்தான் உறுத்தும். 5-லிருந்து 15 வரை கதவு ஜன்னல் சிக்கும். அதைத் தாண்டி 25 வரை போனால் சுவரை இடித்துக் கட்ட வேண்டிவரும். 25-க்கு மேல் உறுதிக்கே ஆபத்து. 15-ஐத் தாண்டினாலோ, கண்ணாடி வாரத்துக்கு வாரம் உடைந்தாலோ, பில்லரிலேயே கான்கிரீட் பிளந்து கம்பி தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே முட்டுக் கொடுத்து ஆட்களை வெளியேற்றுங்கள். அதற்குக் கீழே இருக்கும் வீடுகளில் அந்த மாதங்கள் வீணாவதில்லை. சுற்றுத் தளமும் வாய்க்காலும் அந்த நேரத்தில்தான் முடிகின்றன, பல வீடுகளில் விரிசலின் அசைவு அதோடு நிற்கவும் செய்கிறது.

திருவக்கரைப் பக்கத்தில் பலர் சொல்லும் இன்னொரு மறுப்பு, இதெல்லாம் மண்ணால் வந்ததில்லை, குவாரி வெடியால் வந்தது என்பது. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வெடி அதிர்வு சுவரைப் பிளக்கக்கூடியதுதான். அதனால்தான் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் குடியிருப்புகளுக்கு வரம்பு வைத்தது: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்தால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர், 25 வரை 10, அதற்கு மேல் 15. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது என்கின்றன. வரம்பு மீறப்படுகிறது என்று தோன்றினால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் கனிமவளத்துறையிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, உங்கள் வாசலில் கருவி வைத்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே மனுவுக்கு டியூப் லெவல் அளவும் தேதி போட்ட கண்ணாடியும் பலம் சேர்க்கும், ஏனெனில் இரு காரணங்களும் விடும் தடம் வேறு. மண் அசைந்தால் மட்டம் மாறும், விரிசல் பருவத்தோடு திறந்து மூடும். அதிர்வு மட்டுமே காரணமானால் பில்லர் மட்டம் பெரும்பாலும் மாறாது. பூச்சு பிளக்கும், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கோடு விழும், வெடி வைக்கும் நாட்களில் கண்ணாடி உடையும். காரணம் குவாரி என்றால் பில்லருக்கு அடியில் கான்கிரீட் கொட்டுவது பணத்தைப் புதைப்பது. காரணம் மண் என்றால் குவாரியை மூடினாலும் விரிசல் நிற்காது.

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அந்தத் தொழில்நுட்பம் உண்மையானது. சாலை உயர்ந்து வீடு பள்ளமாகி, மழைநீர் உள்ளே வரும் நகரங்களில் அது நல்ல வழி. ஆனால் அது வீட்டின் உயரத்தை மாற்றும் வேலை. மண்ணின் குணத்தை மாற்றாது. களிமண்ணில் கோடையில் இறங்கிய மூலையை மட்டம் பார்த்துத் தூக்கி நிறுத்தினால், கார்த்திகையில் அதே மண் உப்பி அந்த மூலையை மட்டத்துக்கும் மேலே கொண்டுபோகும். மணல் திட்டில், கசிவை நிறுத்தியபின், நின்றுபோன இறக்கத்தைச் சரிசெய்யத் தூக்குவதில் தவறில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே லாபம் என்பாரும் உண்டு. சிறு வீடுகளுக்கு அது சில சமயம் உண்மை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அரசு 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறது. அதே அளவுள்ள பழைய வீட்டில் எல்லாப் பில்லரும் கெட்டு, பழுது எஸ்டிமேட் அந்தத் தொகையின் பாதியைத் தாண்டினால் இடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். 2000-2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கவும் தனியே திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய வீட்டில் இருப்பவர்கள் சொந்தக் காசைப் போடுமுன் வானூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. ஆனால் ஒன்று: அதே களிமண்ணில், அதே ஆழத்தில், அதே மூலையில் மழைநீர் விழும்படி புதிதாகக் கட்டினால் அந்த வீட்டுக்கும் இதே அத்தியாயம் தேவைப்படும்.

இத்தனைக்கும் பிறகு குழி தோண்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது? மொத்தத் தொகை பேசாதீர்கள். குழி எடுப்பது கன அடிக்கு, கான்கிரீட் கன அடிக்கு, கம்பி கிலோவுக்கு, முட்டு பில்லருக்கு என்று தனித்தனியாக விலை எழுதி, அளந்து பணம் கொடுப்பதாக இருக்கட்டும். நான்கடியிலேயே பாறை தட்டினால் மிச்சம் உங்களுக்கு, ஒன்பதடி போக வேண்டியிருந்தால் மேஸ்திரிக்கு நஷ்டம் இல்லை. நஷ்டப்படும் மேஸ்திரி ஆழத்தில் கைவைப்பார், அதை மண் மூடிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு பில்லரை ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது என்று எழுதுங்கள். ஒரு குழியில் கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது தண்ணீர் காட்டியபின்தான் பக்கத்துக் குழி. பழைய பூட்டிங்கின் அடிக்கும் புதிய கான்கிரீட்டின் மேலுக்கும் நடுவே எஞ்சும் சந்தைக் கெட்டிக் கலவையால் இடித்து நிரப்பினாரா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அந்தச் சந்து வெறுமையாக இருந்தால், கொட்டிய கான்கிரீட் பில்லரின் பாரத்தை வாங்கவே இல்லை. ஒவ்வொரு குழியையும் கம்பி கட்டியபின் ஒன்று, கான்கிரீட் போட்டபின் ஒன்று என்று அளவுகோல் தெரியப் படம் எடுத்து வையுங்கள். வேலையைப் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவே முடியுங்கள், ஐப்பசியில் திறந்த குழியோடு நிற்க வேண்டாம். பில்லில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, மார்கழியில் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கோட்டிலிருந்து டியூப் லெவல் பிடியுங்கள். மட்டம் அசையவில்லை என்றால் அன்றே அந்தப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.